காலி பார் தேடி ஐந்து நாள்

முதல் நாள், புதன்

"நவம்பர்ல லீவு எதுக்கும்மா?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "ஜெர்மனியில ஒரு காலி பார் இருக்கு சார், அதைக் கேட்டுட்டு வரணும்" என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்து, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் சொன்னது பாட்டுத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வரும் பார். கொயரில் பாடியவர்களுக்குத் தெரியும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் 22 வயதுவாக்கில் எழுதிய ஒரு கன்டாட்டாவின், அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த தொடர்பாட்டின், நடுவில் யாரும் பாடாத, எந்த வாத்தியமும் வாசிக்காத ஒரு முழு பார் வருகிறது. தலைக்கு மேல் ஒரு நிறுத்தற்குறி மட்டும். அரைவட்டம், உள்ளே புள்ளி. எங்கள் கொயரில் அதற்குக் 'கண்' என்று பெயர். அந்தப் பாரை என் 17 வயதில் நான் தொலைத்தேன். அந்தக் கதையை நாளைக்குச் சொல்கிறேன், இப்போது கண் சொருகுகிறது.

பிராங்க்பர்ட்டில் இறங்கி, ரயிலில் கோத்தா, அங்கே மாறி மூல்ஹவுசன். முதல் ரயில் 50 நிமிடம் தாமதம், இணைப்பு ரயில் போய்விட்டது. ஜெர்மனியில் ரயில் கடிகாரம் போல ஓடும் என்று நம்மூரில் சொல்லி வைத்தவர் யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும். பிளாட்பாரத்தில் கை விறைத்தது. நாலே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது சுற்று மதிலும் கூரான கூரைகளும் இருட்டில் நிழலாகத்தான் தெரிந்தன.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் முதல் வேலையாக டிவி பிளாசி கோயில். பெயரைப் பார்த்து டெலிவிஷன் என்று நினைக்க வேண்டாம், புனித பிளாசியுஸ். பாக் 1707இல் ஆர்கன் வாசிக்க வேலைக்குச் சேர்ந்த இடம். அவர் வருவதற்குச் சில வாரம் முன்னால், அந்த மே மாதத்தில், பெரிய தீ விபத்து ஒன்று ஊரில் ஒரு பெரிய பகுதியை எரித்துவிட்டிருந்தது. சாம்பல் வாசனை போகாத ஊரில் 22 வயதுப் பையன் வந்து இறங்கியிருக்கிறான். ஒரு வருஷத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். போவதற்கு முன் ஆர்கனை எப்படிச் சீர்படுத்த வேண்டும் என்று 1708இல் எழுதிக் கொடுத்தான். இப்போது மாடத்தில் இருக்கும் ஆர்கன் 1950களில் அந்தத் திட்டத்தின்படி கட்டியது.

உள்ளே நானும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும்தான். நடு பெஞ்சில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, அந்தக் கன்டாட்டாவைப் போட்டேன். 'தேவனின் நேரமே மிகச் சிறந்த நேரம்' என்று தொடங்கும். பாக் படைப்புகளின் பட்டியலில் எண் 106. 'ஆக்டுஸ் டிராகிக்குஸ்' என்று இன்னொரு பெயரும் உண்டு.

இது சாவுப்பாட்டு. யார் சாவுக்கு என்பதுதான் ஆய்வாளர்களுக்குள் வழக்கு. 1707 ஆகஸ்டில் எர்ஃபுர்ட்டில் இறந்த தாய்மாமனுக்கு என்று ஒரு கட்சி. அவர் மருமகனுக்கு 50 கில்டர் எழுதிவைத்துவிட்டுப் போனவர். மறுகட்சிக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. பாக் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. இருப்பதில் பழையது 1768ஆம் வருஷப் படி, அதாவது அவர் செத்து 18 வருஷம் கழித்து யாரோ எழுதியது. பிரதி எடுப்பவர்களைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டு என்பதால் சொல்கிறேன்: அந்த ஆள் காலி பாரை விட்டுவிடாமல் எழுதினாரே, அவருக்குப் புண்ணியம்.

வயலினே கிடையாது. இரண்டு ரெக்கார்டர் குழல், முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் இரண்டு வியோலா டா காம்பா, கீழே ஆர்கன். முதலில் பாட்டில்லாத ஒரு சின்ன முன்னுரை. காம்பாக்கள் ஒரே சுருதியை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போகும், நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. மேலே இரண்டு குழலும் ஏறத்தாழ ஒரே வரியைப் பாடும். ஒன்று நகரும்போது மற்றது கொஞ்சம் பின்தங்கும். இரண்டு கிழவர்கள் ஒரே தெருவில் நடந்து போகிற மாதிரி.

பிறகு கொயர். 'அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்', நமக்குத் தெரிந்த வசனம்தான். அதற்கு ஓட்டமான பாட்டு. 'அவர் விரும்பும் காலமளவும்' என்று வரும்போது அந்த 'காலமளவும்' மட்டும் நீண்டுகொண்டே போகும், மேல்குரல் சொப்ரானோவுக்கு மூச்சு முட்டும். அடுத்த வரி 'அவருக்குள் சாகிறோம்'. சட்டென்று வேகம் விழுந்துவிடும். ஆண் குரல்களில் உயர்ந்த டெனர் தனியாக சங்கீதம் 90ஐப் பாடுவார், 'எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்'. வருஷக்கடைசி ராத்திரி ஆராதனைக்குப் போகும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். அப்புறம் அடிக்குரல் பேஸ், 'உமது வீட்டுக் காரியத்தை ஒழுங்குப்படுத்தும், மரித்துப்போவீர்'. இதை ஒப்பாரியாகப் போடாமல் துள்ளலாகப் போட்டிருக்கிறார். பத்திர ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேருங்கள் என்று அவசரப்படுத்துகிற தாலுகா ஆபீஸ் குரல்.

அதற்கு அடுத்ததுதான் அந்த இடம். ஆல்ட்டோ, டெனர், பேஸ் மூன்று கீழ்க்குரல்களும் 'மனுஷனே, நீ சாகவேண்டும், இது பழைய கட்டளை' என்று ஒருவர் பின் ஒருவராக மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொப்ரானோ மட்டும் 'ஆம், வாரும், கர்த்தராகிய இயேசுவே, வாரும்'. குழல்களில் சொல்லில்லாமல் ஒரு பழைய கீதத்தின் மெட்டு. மெல்ல மெல்ல எல்லாரும் விலகுவார்கள். கீழ்க்குரல்கள் நிற்கும், வாத்தியங்கள் நிற்கும், ஆர்கனும் நிற்கும். சொப்ரானோ தனியாக 'இயேசு' என்ற பெயரை இழைத்துக்கொண்டே வந்து, முடித்தோமா இல்லையா என்று தெரியாத இடத்தில் விட்டுவிடும்.

அடுத்து ஒரு பார் காலி.

இப்போது என் கதை. எங்கள் ஊர் பொறையாறு. கொயர் மாஸ்டர் பள்ளிக்கூட வாத்தியார், அதனால் எங்களுக்கு 'சார்'. ஒரு வருஷம் இந்தக் கன்டாட்டாவின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, பைபிள் வசனங்களையே மெட்டில் உட்காரவைத்துத் தமிழாக்கினார். குழலுக்குப் பதில் இரண்டு வயலின், ஆர்கனுக்குப் பதில் ஹார்மோனியம். முழுக்க டானிக் சால்ஃபாவில், அதாவது ஸ்வரங்களை எழுத்தாகப் போடும் முறையில், எழுதினார், எங்களில் பாதிப் பேருக்கு ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எல்லாருக்கும் பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டும் வேலை எனக்கு. ஸ்டென்சில் தாள் அப்போது விலை அதிகம். "ரெண்டு தாள்ல முடிச்சிரும்மா" என்றார்.

சால்ஃபாவில் ஓய்வுக்குத் தனிக் குறி கிடையாது. ஸ்வரம் நீண்டால் கோடு போடுவார்கள், மௌனம் என்றால் இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். சாரின் தாளில் நாலு குரலுக்கும் ஒரு பார் வெறும் வெள்ளையாக இருந்தது. மறந்து விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் தாளின் அடியில் இடமும் போதவில்லை. அதை எடுத்துவிட்டு, 'வாரும்' முடிந்த கையோடு அடுத்த பாரை ஒட்டிவிட்டேன்.

ஒத்திகையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் சார் சொப்ரானோவைத் திருத்த நிறுத்திவிடுவார். டிசம்பர் 31 ராத்திரி, கோயில் நிறைந்து பாய் போட்டு வெளியேயும் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் முன்னால்தான் முதல்முறை நிற்காமல் பாடினோம். சொப்ரானோ முடித்தது. சார் கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினார். ஹார்மோனியம் தாளில் இருந்தபடி தொடங்கிவிட்டது, ஆல்ட்டோ நாங்கள் 'உமது கையில் என் ஆவியை' என்று போய்விட்டோம். அந்தக் கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கி எங்களைத் துரத்திப் பிடித்தது.

"அந்த பார் எங்கம்மா?" என்று வெளியே வந்து கேட்டார்.

"காலியா இருந்துச்சு சார். அதான் விட்டுட்டேன்."

சிரித்தார். திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அதே தாளை வைத்துப் பாடினோம், அவர் அதைத் திருத்தச் சொன்னதே இல்லை. போன மார்ச்சில் தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் வைத்திருந்த பிரதியை வீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். அது இப்போது என் பையில் இருக்கிறது.

மத்தியானம் லைனெஃபெல்டே போய், அங்கிருந்து ஹாலே ரயில். வழியில் மார்ட்டின் லூதர் பிறந்து, செத்தும் போன ஐஸ்லேபன். ஜன்னலில் மழை, ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஹாலே என்பது பாட்டி வாயில் புழங்கிய பெயர். "ஹாலேயிலிருந்து வந்தாங்க" என்பாள், ஏதோ காரைக்காலிலிருந்து வந்தது மாதிரி. தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். மறு வருஷம் ஆகஸ்டில் அங்கே முதல் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார்கள். பாக்கின் தாய்மாமன் எர்ஃபுர்ட்டில் செத்த அதே மாதம் என்பது நேற்று ராத்திரி கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.

பிராங்கே என்ற போதகர் 1690களில் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்னமும் ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மரச்சட்டக் கட்டடம் ஒன்று, ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியவில்லை. மேல்மாடியில் விசித்திரப் பொருள் அறை: முதலை, சங்கு, கண்ணாடி அலமாரிக்குள் ஊர் ஊராகச் சேர்த்தவை. தமிழ் ஓலைச்சுவடிகளும் இந்த வளாகத்துக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் நினைத்துக்கொண்டிருந்தது எழுத்துகளைப் பற்றி. தமிழில் அச்சடிக்க ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. பார்த்தால் ஒவ்வொன்றும் அத்தனை பெரிசு. அதில் புதிய ஏற்பாட்டை அடித்தால் கையிருப்புக் காகிதம் தாங்காது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கித்தான் அதைச் செய்தார்கள் என்பது மிஷன் வரலாற்றில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. புதிய ஏற்பாடு 1715இல் வந்தது. காகிதம் செய்யவும் பொறையாற்றில் ஒரு பட்டறை போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். நான் பள்ளிக்கூடம் போன வழி. காகிதத்தை மிச்சம் பிடிக்கும் புத்தி எங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லலாம்.

பாக் இதே ஹாலேயின் நான்கு கோபுரக் கோயிலுக்கு 1713இல் வேலைக்கு மனுப்போட்டு, கிடைத்தும் வராமல் போனார். ஹேண்டல் பிறந்ததும் இந்த ஊர்தான். அவர் வீட்டுக்குப் போக நேரமில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு லைப்சிக்கில் இருக்க வேண்டும்.

லைப்சிக் புனித தோமா கோயிலில் பெரும்பாலான வெள்ளிகளில் ஆறு மணிக்குச் சிறுவர் கொயரின் பாட்டு ஆராதனை. 1212இலிருந்து இருக்கும் கொயர். பாக் 1723 முதல் சாகும் வரை, 1750 வரை, இவர்களுக்கு வாத்தியார். தம்பி லைப்சிக்கில்தான் வேலை பார்க்கிறான். வரிசையில் எனக்காக நின்றுகொண்டிருந்தான், கையில் சுடச்சுட வறுத்த பாதாம் பொட்டலம்.

"அக்கா, முன்னால உக்காந்தாலும் பாடுறவங்க தெரியமாட்டாங்க. பின்னால மாடியில நிக்கிறாங்க."

அப்படித்தான். நம் முகம் பலிபீடத்தைப் பார்க்கிறது, எதிரே தரையில் வெண்கலப் பலகையின் கீழ் பாக், குரல்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து. 'வாரும், இயேசுவே, வாரும்' என்ற இரட்டைக் கொயர்ப் பாட்டு பாடினார்கள். 'என் உடல் சோர்ந்தது, பலம் போய்க்கொண்டே இருக்கிறது' என்று அடுத்த வரி. மேல்குரலில் பாடுவது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு கொயர் 'வாரும்' என்று விடுகிறது, கொஞ்சம் இடைவெளி, எதிர்க் கொயர் 'வாரும்'. அந்த இடைவெளியில் கோயில் கல்லுக்குள் முதல் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முடிந்ததும் கடற்படைச் சட்டைப் பொடியன்கள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். பாக் காலத்தில் 16, 17 வயது வரை சொப்ரானோ பாடிய பையன்கள் இருந்தார்கள். இப்போது 13இலேயே குரல் உடைந்துவிடுகிறது. எண்ணூறு வருஷமாக இருக்கும் கொயரில் ஒரு சொப்ரானோவின் ஆயுசு நாலைந்து வருஷம்.

நான்காம் நாள், சனி

சளி. தோமா கோயிலின் மூன்று மணி ஆராதனைக்குப் போகவில்லை. தம்பி வீட்டில் ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டேன்.

படுத்தபடி பாக்கின் கடிதம் ஒன்றைப் பற்றித் தம்பிக்குச் சொன்னேன். 1730 அக்டோபரில் பழைய சிநேகிதனுக்கு எழுதியது. லைப்சிக்கில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைகிறது, சாவு குறைந்தால் என் வரும்படி குறைகிறது, போன வருஷம் இதில் மட்டும் நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்பியிருக்கிறார். அடக்கத்துக்குப் பாடினால் தனிக் காசு. வீட்டில் அத்தனை பிள்ளைகள். தம்பி ரொம்ப நேரம் சிரித்தான். "நம்ம ஊர் பேண்டு செட்காரர் சொல்ற மாதிரியே இருக்குக்கா." சாவுப்பாட்டு எழுதிய பையன் வேறு, இந்தக் கணக்குப் பார்க்கும் மனுஷன் வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் சாவு என்பது வேலை நாள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்துக்கு முந்தின ஞாயிறு. இங்கே இறந்தவர்கள் ஞாயிறு என்பார்கள், 1816இல் பிரஷ்ய ராஜா மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஏற்படுத்தியது. திருச்சபை வருஷத்தின் கடைசி ஞாயிறும் இதுதான். ஊரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு கோயிலில் ஐந்து மணிக்கு 106 பாடுவதாகத் தம்பி கண்டுபிடித்து வைத்திருந்தான். பெரிய கொயர் இல்லை, அந்த வட்டாரத்து ஜனங்கள் நாற்பது பேர். பல் டாக்டர், தபால்காரர், ரிட்டயரான டீச்சர் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா விரல் நீட்டிச் சொன்னார். ஆல்ட்டோவில் இரண்டாவதாக நிற்பது தன் மருமகள் என்றார்.

பாட்டுக்கு முன் அந்த வருஷம் அந்தச் சபையில் இறந்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் வயது, ஒரு மெழுகுவத்தி. 91, 84, 77. ஒரு பெயருக்கு 6 என்றார். பெஞ்சில் யாரும் அசையவில்லை. கை தட்ட வேண்டாம் என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது.

குழல்கள் சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தன, குளிர். 'காலமளவும்' வந்தபோது சொப்ரானோக்கள் மூச்சை மாற்றி மாற்றி வாங்குவது தெரிந்தது. ஒருத்தி நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவள் விடமாட்டாள். நாங்களும் அப்படித்தான் செய்வோம். பேஸ் தாலுகா ஆபீஸ் பாட்டை நன்றாகவே பாடினார், பல் டாக்டர் அவர்தான் போல.

பிறகு அது வந்தது. கீழ்க்குரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. காம்பாக்காரர் வில்லை மடியில் வைத்தார். சொப்ரானோவில் ஒரே ஒரு பெண், பச்சை ஸ்வெட்டர், 'இயேசு' என்று இழைத்து விட்டாள். நடத்துகிறவர் கை மேலே நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பின்வரிசையில் ஒருவர் இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். ஒரு குழந்தை ஜெர்மனில் ஏதோ கேட்டது, "ம்" என்று அதன் அம்மா சொன்னது வரை கேட்டது. மெழுகுவத்தி ஒன்று படபடத்தது. எத்தனை எண்ணினேன் என்று நினைவில்லை, நாலைத் தாண்டிவிட்டது. கை இன்னும் மேலேதான் இருந்தது. அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

இறங்கியது. ஆர்கன் மெல்ல ஆரம்பித்தது. ஆல்ட்டோ, 'உமது கையில்'.

டிராமில் திரும்பி வரும்போது கொயர் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி: செவ்வாய்க்கிழமை ஒத்திகை ஆறரைக்கு, ஆல்ட்டோவில் ஆள் குறைவு, அக்கா எப்ப வர்றீங்க, சாக்லேட் மறக்காதீங்க. டிசம்பர் 31க்கு அந்தப் பாட்டையே எடுக்கலாமா என்றும் ஒருத்தி கேட்டிருந்தாள். எடுக்கலாம் என்று போட்டேன்.

வீட்டுக்கு வந்து சாரின் பிரதியை விரித்தேன். மங்கிய நீல மை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, என் 17 வயதுக் கையெழுத்து. 'வாரும்' முடிகிற கோட்டுக்கும் அடுத்த பாரின் முதல் ஸ்வரத்துக்கும் நடுவில், அங்கேயே, பென்சிலில் மிகச் சின்னதாக ஒரு கண். எப்போது போட்டார் என்று தெரியாது. தம்பியிடம் பேனா வாங்கி, அந்த பாரை உள்ளே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். கோடு ஒன்று போட்டேன். இன்னொன்று போட இடம் இல்லை.